097: ஒரு கேம்ஷாஃப்டும் அதன் பெயர்க்காரரும்

பழைய அமெரிக்க கார்களை ரெஸ்டோர் பண்ற வீடியோக்களை யூடியூப்ல பார்க்கிறவங்களுக்கு இந்தக் காட்சி நல்லாவே பழகியிருக்கும். ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில முப்பது நாப்பது வருஷமா தூசி படிஞ்சு கிடந்த 1957 மாடல் கார்வெட் ஒண்ணை வெளியே இழுப்பாங்க. சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கும். பாடி ஃபைபர்கிளாஸ் என்பதால் அதுல துரு இருக்காது. ஆனா அடியில இருக்கிற ஸ்டீல் ஃபிரேம் கை வச்சா உதிரும். அப்புறம் இன்ஜினைப் பிரிப்பாங்க. அப்போ ரெண்டு கேள்வி வரும். இந்த பிளாக் இந்தக் காரோடயே பிறந்ததுதானா? உள்ளே இருக்கிறது டன்டோவ் கேமா?

செவ்ரலே பார்ட்ஸ் புத்தகத்தில் அந்த கேம்ஷாஃப்டோட எண் 097 என்று முடியும். அதனால 097 கேம்னும் சொல்வாங்க. 1956-ல் வந்த சாமான். இன்னைக்கும் அதே அளவில் புதுசா கடைஞ்சு விற்கிறாங்க, வாங்கவும் ஆள் இருக்கு.

ஒரு கேம்ஷாஃப்டுக்கு மனுஷன் பெயர் இருக்கேன்னு தேடப் போய்த்தான் ஸோரா ஆர்கஸ்-டன்டோவின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. அமெரிக்காவில் கார் பிடிச்ச யாரைக் கேட்டாலும் இவரைத் தெரியும். கார்வெட்டின் தந்தை என்றே பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. கார்வெட்டைப் பெத்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்டைலிங் தலைவர் ஹார்லி ஏர்ல். ஸோரா அதை எடுத்து வளர்த்தவர். வளர்த்த அப்பா என்றால் என்னன்னு அவருக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

அவர் பிறந்தது 1909 டிசம்பர் 25, பிரசல்ஸ் நகரத்தில். பெற்றோர் ரஷ்ய யூதர்கள். அப்பா ஜாக் ஆர்கஸ் சுரங்கப் பொறியாளர், அம்மா அங்கே மருத்துவம் படிக்கப் போனவர். பிறகு குடும்பம் ரஷ்யாவுக்கே திரும்பியது. புரட்சி, பஞ்சம் எல்லாம் அந்தப் பையன் கண்முன்னே நடந்தது. அதற்கு நடுவில் பெற்றோர் பிரிந்தார்கள். அம்மாவின் புதுத் துணை ஜோசப் டன்டோவ் என்ற இன்னொரு இன்ஜினியர், வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் முதல் அப்பாவும் வீட்டை விட்டுப் போகவில்லை. ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். ஸோராவும் தம்பி யூராவும் ரெண்டு பேருக்கும் மரியாதையாக ரெண்டு பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். ஆர்கஸ்-டன்டோவ் வந்த கதை இதுதான்.

சின்ன வயசில் அவருக்கு டிராம் ஓட்டுநர் ஆகணும்னு ஆசை. 1927-ல் குடும்பம் பெர்லினுக்குக் குடிபெயர்ந்ததும் ஆசை மோட்டார் பைக்குக்கு மாறியது. வீட்டில் பயந்துபோய், இது வேண்டாம்பா, நாலு சக்கரமா ஏதாவது வாங்கிக்கோன்னு சொல்லியிருக்கிறார்கள். நம்ம வீட்டிலும் சொல்றதுதான். இவரும் பேச்சைக் கேட்டு பைக்கைக் கொடுத்துவிட்டு ஒரு கார் வாங்கினார். அது வட்டப் பாதையில் ரேஸ் ஓட்டுவதற்காகத் தயாரான கார். முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது, பின் பிரேக்கும் பேருக்குத்தான். பைக்கே தேவலைன்னு அம்மா நினைச்சிருப்பார்.

1934-ல் பெர்லின் சார்லோட்டன்பர்க் தொழில்நுட்பக் கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்தார். படிக்கிறப்பவே இன்ஜின்கள் பற்றியும் ரேஸ் கார்கள் பற்றியும் எழுத ஆரம்பித்துவிட்டார். ஆனால் அதற்கு முந்தைய வருஷம்தான் ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தார். யூதப் பையன் ஒருவனுக்கு அந்த ஊரில் எதிர்காலம் கிடையாது. பாரிஸுக்குப் போனார். அங்கே எல்ஃபி வுல்ஃப் என்ற நடனக் கலைஞரைக் காதலித்து 1939-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அதே சமயம் போர் தொடங்கிவிட்டது. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பிரெஞ்சு விமானப் படையில் சேர்ந்தார்கள். அடுத்த வருஷமே பிரான்ஸ் விழுந்தது. பாரிஸில் தனியாக மாட்டிக்கொண்ட எல்ஃபி தன் சின்ன எம்.ஜி. காரை எடுத்துக்கொண்டு, ஜெர்மன் படை நகரத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் தெற்கே தப்பி ஓட்டினார். ஸ்பெயின் விசா, போர்ச்சுகல் துறைமுகம், கப்பல், கடைசியில் நியூயார்க். குடும்பம் மொத்தமும் உயிரோடு கரை சேர்ந்தது.

இங்கிருந்து நம்ம விஷயத்துக்கு வருவோம். நியூயார்க்கில் அண்ணன் தம்பி சேர்ந்து ஆர்டன் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆர்கஸில் பாதி, டன்டோவில் பாதி. போர்க்காலத்தில் ராணுவத்துக்கு உதிரி பாகங்கள் செய்து கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அவர்கள் கையை வைத்தது ஃபோர்டின் ஃபிளாட்ஹெட் வி8 இன்ஜினில்.

மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு நிமிஷம். 1932-ல் ஹென்றி ஃபோர்டு சாதாரண ஜனங்கள் வாங்குகிற விலையில் ஒரு வி8 இன்ஜினைக் கொண்டுவந்தார். 65 குதிரைத்திறன். அன்றைக்கு அது பெரிய விஷயம். அதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பிளாக்குக்குள் இருக்கும். மேலே இருக்கும் ஹெட் வெறும் தட்டை மூடிதான். செய்வதற்குச் சுலபம், விலையும் குறைவு. ஆனால் எரிந்த புகை வெளியே போகிற வழி பிளாக்குக்குள்ளேயே சுற்றிப் போகும். அந்தச் சூடு முழுக்க கூலிங் தண்ணீரில் இறங்கும். பாரம் ஏற்றிய ஃபோர்டு லாரிகள் மேட்டில் ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டு நின்றுபோகும்.

ஸோரா அந்த இன்ஜினைத் தூக்கிப் போடவில்லை. அதே பிளாக், அதே கிராங்க். மேலே இருந்த மூடியை மட்டும் கழற்றிவிட்டு, அரைக்கோள வடிவ எரி அறையும் தலைக்கு மேலே வால்வுகளும் கொண்ட ஒரு அலுமினிய ஹெட்டை வடிவமைத்தார். கீழே இருக்கும் பழைய கேம்ஷாஃப்டிலிருந்து புஷ்ராட் வழியாக மேலே இருக்கும் வால்வுகளை இயக்கினார். புகை இப்போது பிளாக்குக்குள் போகாமல் ஹெட்டிலிருந்தே நேராக வெளியே போனது. சூடு குறைந்தது, சக்தி கூடியது. லாரிக்காகச் செய்ததை ஹாட் ராட் பசங்க கண்டுபிடித்துத் தங்கள் பந்தயக் கார்களில் மாட்டிக்கொண்டார்கள். வியாபாரம் மட்டும் ஓடவில்லை. கம்பெனி மூடியது. அன்றைக்கு விற்காமல் கிடந்த அந்த ஆர்டன் ஹெட் இன்றைக்கு ரெஸ்டோர் பண்றவங்களுக்குத் தங்கம் மாதிரி. அதைப் போலவே அச்சு அசலாக இப்போது வார்த்தும் விற்கிறார்கள்.

கம்பெனி போனதும் இங்கிலாந்தில் அல்லார்ட் கார் கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை. அவர்களுக்காக லெ மான் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஓட்டினார். பிறகு மறுபடி அமெரிக்கா. 43 வயசு. சொந்தக் கம்பெனி வைத்து இழந்தவர், நிலையான வேலை இல்லாதவர், பேசினால் ரஷ்ய வாடை அடிக்கும் ஆங்கிலம்.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதுக் கார்களைக் காட்சிக்கு வைத்தது. அங்கே மேடையில் சுழன்றுகொண்டிருந்த வெள்ளை நிற கார்வெட்டை ஸோரா பார்த்தார். இவ்வளவு அழகான கார் தான் பார்த்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதே சமயம் இன்ஜினியர் மூளை, அந்த அழகுக்கு அடியில் இருப்பது சரியில்லை என்றும் சொல்லியது. உடனே செவ்ரலேயின் தலைமைப் பொறியாளர் எட் கோலுக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. அந்த மே மாதம் டெட்ராய்ட்டில் ஒரு சாதாரண உதவிப் பொறியாளர் பதவியில் சேர்ந்தார். சேர்ந்த மறு மாதமே லெ மானில் அல்லார்ட் ஓட்டக் கிளம்பிவிட்டார். மேலதிகாரிக்கு அதில் துளிகூட இஷ்டமில்லை. ப்ரொபேஷன் பீரியட்ல இப்படி ஒரு வேலையை நம்மில் யாராவது செய்வோமா, யோசிச்சுப் பாருங்க.

அந்த முதல் கார்வெட் எப்படி இருந்தது? 1953-ல் மொத்தம் 300 தான் செய்தார்கள். எல்லாமே வெள்ளை, உள்ளே சிவப்பு. பார்க்க ஸ்போர்ட்ஸ் கார். பானெட்டைத் திறந்தால் குடும்பக் காரில் இருந்து எடுத்த ஆறு சிலிண்டர் இன்ஜின், 150 குதிரைத்திறன், ரெண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். 1954-ல் 3,640 செய்தார்கள், நிறைய விற்காமல் நின்றது. 1955-ல் வெறும் 700. அதே வருஷம் ஃபோர்டு தண்டர்பேர்டைக் கொண்டுவந்து 16,000-க்கும் மேல் விற்றுத் தள்ளியது. கார்வெட்டை இழுத்து மூடலாமா என்ற பேச்சு கம்பெனிக்குள் நடந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் ஸோரா செய்த ரெண்டு காரியங்களில் ஒன்று காகிதத்தில், இன்னொன்று இரும்பில்.

காகிதத்தில் செய்தது 1953 டிசம்பரில் மேலதிகாரிகளுக்கு எழுதிய ஒரு குறிப்பு. இளைஞர்கள், ஹாட் ராட் பிரியர்கள், செவ்ரலே ஆகிய மூன்றையும் பற்றியது. அதில் அவர் சொன்னது சுருக்கமா இதுதான்: கார் பைத்தியம் பிடித்த பசங்க எல்லோரும் ஃபோர்டைத்தான் வாங்கிப் பிரித்து மேய்கிறார்கள். அவர்கள் படிக்கிற பத்திரிகைகளில் ஃபோர்டு, கடைகளில் கிடைக்கிற ஸ்பீடு பார்ட்ஸ் எல்லாம் ஃபோர்டுக்கு. இந்தப் பசங்க நாளைக்குச் சம்பாதித்து புதுக் கார் வாங்கும்போதும் ஃபோர்டைத்தான் வாங்குவார்கள். நாம் புதிதாக ஒரு வி8 கொண்டுவந்தாலும் அவர்கள் அதைக் கற்றுக்கொண்டு, பார்ட்ஸ் செய்து, நம்பிக்கை வைக்கப் பல வருஷம் பிடிக்கும். அதனால் கேம், வால்வு, ஸ்பிரிங், மேனிஃபோல்டு எல்லாவற்றையும் கம்பெனியே வடிவமைத்துத் தன் கவுன்ட்டரிலேயே விற்க வேண்டும்.

இதை எழுதியவர் யாருன்னு கவனிங்க. அந்தப் பசங்களுக்கு ஃபோர்டு ஹெட் செய்து கொடுத்தவரே இவர்தான். வேலைக்குச் சேர்ந்து ஏழே மாதம் ஆன ஒரு சின்ன இன்ஜினியர், உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிக்கு அது யாருக்கு விற்கணும்னு சொல்லித் தருகிறார். என்னைக் கேட்டால், மசில் கார் காலத்துக்கு விதை இந்தக் காகிதத்திலும் இருக்கு. வாங்கு, பிரி, பெருசா மாட்டு என்ற அந்த மொத்தக் கலாசாரத்தையும் கம்பெனியே ஏற்றுக்கொள்ளச் சொன்ன குறிப்பு அது. (கார்வெட் மசில் காரா, ஸ்போர்ட்ஸ் காரான்னு ஒரு சண்டை உண்டு. ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, அதனால மசில் கார் இல்லைன்னு அடிச்சுச் சொல்றவங்க இருக்காங்க. கேமரோவிலும் ஷெவெலிலும் உட்கார்ந்த இன்ஜின்கள் கார்வெட்டிலும் உட்கார்ந்தன என்பதோடு நான் நிறுத்திக்கிறேன்.)

1955-ல் எட் கோலின் குழு அந்தப் புது வி8-ஐக் கொண்டுவந்தது. 265 கன அங்குலம், கார்வெட்டில் 195 குதிரைத்திறன். ஸ்மால் பிளாக் என்று உலகமே அழைக்கும் இன்ஜின் இதுதான். அதன் வம்சத்தில் 10 கோடியாவது இன்ஜின் 2011-ல் வெளிவந்தது. இதை வடிவமைத்த பெருமை ஸோராவுக்குக் கிடையாது, சிலர் கொடுக்கிறார்கள். அவர் செய்தது அதன் மூச்சைத் திறந்துவிட்டது. அதுதான் இரும்பில் செய்த காரியம்.

நாமெல்லாம் டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பருக்காக கேம் ப்ரொஃபைல் வரைஞ்சிருக்கோம். டிஸ்ப்ளேஸ்மென்ட், வெலாசிட்டி, ஆக்ஸிலரேஷன்னு மூணு கிராஃப். பத்து டிகிரிக்கு ஒரு கோடு போட்டுட்டு மார்க் வாங்கினா போதும்னு விட்டிருப்போம். அந்த மூணாவது கிராஃபில்தான் 097 இருக்கு. இன்ஜினுக்கு அதிகக் காற்று வேணும்னா வால்வை அதிக உயரத்துக்குத் தூக்கணும் என்பது அன்றைய வழக்கம். அதிக உயரம் என்றால் அதே நேரத்துக்குள் வேகமாகத் தூக்கி வேகமாக இறக்கணும். சுழற்சி வேகம் கூடக் கூட வால்வு ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு கேமோடு ஒட்டாமல் மிதக்கும், கடைசியில் பிஸ்டனில் இடிக்கும். ஸோரா உயரத்தை அடக்கமாகவே வைத்தார். அதற்குப் பதில் வால்வு திறந்திருக்கும் காலத்தை நீட்டினார். மெதுவாகத் தூக்கு, அதிக நேரம் திறந்து வை. ஆக்ஸிலரேஷன் குறைவு, அதனால் ஸ்பிரிங் தாங்கும், இன்ஜின் இன்னும் அதிக ஆர்.பி.எம். வரைக்கும் பயமில்லாமல் ஏறும்.

நிரூபிக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். 1955 செப்டம்பரில் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைப்பாதையில் மாறுவேஷம் போட்ட ஒரு 1956 மாடல் செவ்ரலேயை ஓட்டி, 17 நிமிஷம் 24 நொடியில் உச்சியைத் தொட்டு அந்த வகைக் கார்களின் சாதனையை உடைத்தார். அந்தக் குளிர்காலத்திலேயே ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில், தன் கேம் போட்ட கார்வெட்டில் மணிக்கு 150 மைல் தொட்டார். 241 கிலோமீட்டர். கீழே ஈர மணல், பக்கத்தில் கடல், ஓட்டுபவர் 46 வயசுக்காரர், காரை வடிவமைத்ததில் பங்குள்ளவர். ஆறு சிலிண்டர் நகைச்சுவையாக ஆரம்பித்த கார் அது.

1957-ல் இன்ஜின் 283 கன அங்குலமாக வளர்ந்தது, ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது (இதில் ஜான் டோல்ஸாவுக்குப் பெரிய பங்கு), 097 கேமும் சேர்ந்து 283 குதிரைத்திறன். ஒரு கன அங்குலத்துக்கு ஒரு குதிரை. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே வருஷம் மார்ச்சில் செப்ரிங் பந்தயத்துக்காக கார்வெட் எஸ்.எஸ். என்று ஒரு அசல் ரேஸ் கார் கட்டினார். மக்னீஷியம் பாடி. பயிற்சியின்போது அதன் சோதனைக் காரை எடுத்துச் சுற்றிய ஃபாஞ்சியோ அங்கிருந்த வேகச் சாதனையை முறியடித்தார். பந்தயத்தன்று அசல் கார் 23 சுற்றோடு நின்றுவிட்டது. இன்ஜின் சூடு ஓட்டுநர் மீது அடுப்பு மாதிரி அடித்தது. சரிசெய்து லெ மானுக்குக் கொண்டுபோக நினைத்தார். ஜூன் மாதம் அமெரிக்க கார் கம்பெனிகள் எல்லாம் கூடி, இனி ரேஸில் கம்பெனியாகப் பங்கெடுப்பதில்லை என்று முடிவு செய்தன. எஸ்.எஸ். திட்டம் அத்தோடு முடிந்தது.

ஸோரா முடியவில்லை. ரேஸ் டீம் வைக்கக்கூடாதுன்னுதானே சொன்னாங்க, ஆர்டர் படிவத்தில் ஒரு வரி சேர்க்கக்கூடாதுன்னு சொல்லலையே. ஹெவி டியூட்டி பிரேக், விறைப்பான சஸ்பென்ஷன், பெரிய பெட்ரோல் டேங்க் என்று ரேஸுக்குத் தேவையானதெல்லாம் டீலரிடம் சாதாரணமாக டிக் அடித்து வாங்கக்கூடிய ஆப்ஷன்களாக மாறின. 1953 குறிப்பில் சொன்னதை அப்படியே கம்பெனி பட்டியலுக்குள் கொண்டுவந்துவிட்டார். 1963-ன் இஸட்06 அப்படிப் பிறந்தது, மொத்தம் 199. இன்னைக்கு ஒரு கார்வெட்டை ரெஸ்டோர் பண்றவர் அந்தப் பழைய ஆர்டர் தாளுக்காக உயிரைக் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டு காரும் ஒரே மாதிரி. அந்தத் தாளில் இருக்கும் சில எழுத்தும் எண்ணும்தான் விலையை மாற்றும்.

1963 ஸ்டிங் ரே பற்றி ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. அந்தக் காரின் அடிப்பகுதி ஸோராவின் கனவு: ஒவ்வொரு பின் சக்கரமும் தனித்தனியாக மேடுபள்ளம் ஏறும் சஸ்பென்ஷன். மேல்பகுதி ஸ்டைலிங் தலைவர் பில் மிட்செல் பொறுப்பு. மிட்செல் பின் கண்ணாடியின் நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பட்டையை வைத்தார். கண்ணாடி ரெண்டாகப் பிரிந்தது. பின்னால் வருவது தெரியவில்லை என்று ஸோரா கத்தினார். அழகு முக்கியம் என்று மிட்செல் கத்தினார். பெரிய சண்டை. 1963-ல் மிட்செல் ஜெயித்தார், 1964-ல் பட்டை போய்விட்டது. ஸோரா சொன்னது சரின்னு பட்ட சில உரிமையாளர்கள் தங்கள் 1963 காரின் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு 1964 கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். இன்னைக்கு அந்த ஒரே ஒரு வருஷத்து ஸ்பிளிட் விண்டோவுக்குத்தான் மவுசு. அன்றைக்கு வெட்டி எறிந்ததை இப்போது பணம் கொட்டித் திரும்ப ஒட்டுகிறார்கள். இன்ஜினியரா மட்டும் யோசிச்சா ஸோரா பக்கம்தான் நான். ஆனா படத்தைப் பார்த்தா மிட்செல் பக்கம் சாய்ஞ்சுடறேன்.

1962 அக்டோபரில் ரிவர்சைடில் கேரல் ஷெல்பியின் கோப்ரா முதன்முதலாகக் களமிறங்கியது. கார்வெட்டைவிட மிக எடை குறைவு, அதே அளவு சக்தி. எடைதான் வில்லன் என்று ஸோராவுக்குப் புரிந்தது. கிராண்ட் ஸ்போர்ட் என்ற லேசான கார்வெட்டை ரகசியமாகக் கட்ட ஆரம்பித்தார். 125 செய்வது திட்டம். விஷயம் மேலிடத்துக்குத் தெரிந்தது, 1963 ஜனவரியில் நிறுத்தச் சொன்னார்கள். அப்போது அஞ்சு கார்தான் ஆகியிருந்தது. அழிக்கப்படாமல் அந்த அஞ்சும் தனியார் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த டிசம்பரில் பஹாமாஸின் நசாவ் பந்தயத்தில் மூன்று கிராண்ட் ஸ்போர்ட்கள் வந்து இறங்கி கோப்ராக்களை ஓட ஓட விரட்டின. செவ்ரலே இன்ஜினியர்கள் சிலரும் தற்செயலாக அதே தீவில் விடுமுறையில் இருந்தார்களாம்! அந்த அஞ்சு காரும் இன்றைக்கும் இருக்கின்றன.

1967-ல் எல்88. 427 கன அங்குலம். பட்டியலில் 430 குதிரைத்திறன் என்று போட்டார்கள். உண்மையில் 500-ஐத் தாண்டும். ரேடியோ கிடையாது, ஹீட்டர் கிடையாது. தெருவில் ஓட்ட வாங்குகிறவன் இதை வாங்கவே கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதுக்குப் பக்கத்திலேயே எண் குறைவாகப் போட்ட இன்னொரு இன்ஜின் மாதிரி வேஷம். அந்த வருஷம் 20 பேர்தான் வாங்கினார்கள். 2014-ல் அதில் ஒன்று ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது.

இதுவரைக்கும் படிச்சா ஜெயிச்ச கதை மாதிரித் தெரியும். ஆனா ஸோராவுக்கு உண்மையில் வேண்டியது வேறே ஒண்ணு.

இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கணும். செப்ரிங்கில் எஸ்.எஸ். ஓட்டுநர்கள் வெந்ததிலிருந்தே அது அவர் தலையில் உட்கார்ந்துவிட்டது. எடை பின் சக்கரங்கள் மேல் விழும், அதனால் சக்தி வீணாகாமல் ரோட்டில் இறங்கும். சூடு பின்னால் போகும். மூக்கு தாழும், பாதை தெரியும். 1960-ல் செர்வ் 1 என்ற ஒற்றை இருக்கை சோதனைக் காரை அப்படிக் கட்டிக் காட்டினார். 1964-ல் செர்வ் 2, அதில் நாலு சக்கரமும் இழுக்கும். ரெண்டும் ஆய்வுக் கார் என்ற பெயரில் செய்தது. அடுத்த கார்வெட் இப்படி இருக்கட்டும் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் கேட்டார். ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள். 1969-ல் எக்ஸ்பி-882 என்று இன்னொன்றைக் கட்டினார், அதையும் நிறுத்தினார்கள். ஃபோர்டு டீலர்களிடம் மிட்-இன்ஜின் பன்டேரா வரப்போகிறது என்று தெரிந்ததும் அவசரமாக அதைத் தூசி தட்டி 1970 நியூயார்க் கண்காட்சியில் நிறுத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. பத்திரிகைகள் அடுத்த கார்வெட் இதுதான் என்று எழுதின. வரவில்லை.

ஏன் மறுத்தார்கள்? புது டிரான்ஸாக்ஸில் செய்யணும், செலவு அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை எண்களில் பாருங்க. 1955-ல் 700. 1969-ல் 38,762. இருக்கிற கார் வருஷா வருஷம் இப்படி விற்கும்போது, இதை எதுக்கு மாத்தணும்னு கணக்குப் பார்க்கிறவங்க கேட்பாங்க. கேட்டாங்க. சாகக் கிடந்த காரை ஒவ்வொரு பார்ட்டாக மாற்றி அவ்வளவு நல்லா ஆக்கியவர் அவர்தான். அது அவ்வளவு நல்லா ஆனதால்தான் அவருடைய காருக்கு இடமில்லாமல் போனது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி சரியாத் தூக்கம் வரலை. வேலைக்குப் போன பிறகு பெரும்பாலும் நாம செய்யப்போறது வேறே யாரோ ஆரம்பிச்ச டிசைனைத்தான். அதை நல்லாச் செஞ்சா அதிலேயே இருக்கச் சொல்வாங்க.

அவர் கசந்துபோய் வெளியேறவில்லை. கூப்பிட்ட கம்பெனிகள் இருந்தும் போகவில்லை. சண்டை போட்டார், நிருபர்களிடம் பேசி மேலதிகாரிகளைச் சங்கடப்படுத்தினார், கூடவே அந்த வருஷத்து கார்வெட்டுக்கு டிஸ்க் பிரேக் போடுகிற வேலையையும் பார்த்தார். 1965-ல் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வந்தது அப்படித்தான். 1975 தொடக்கத்தில், 65 வயசில் ஓய்வு பெற்றார். பொறுப்பை டேவ் மெக்லெலன் ஏற்றார். அதற்குப் பிறகும் கார்வெட் கிளப்காரர்கள் எங்கே கூப்பிட்டாலும் எல்ஃபியோடு போய்வந்தார். வெள்ளை முடியோடு, யாரோ ஒருத்தர் ரெஸ்டோர் பண்ணிக் கொண்டுவந்த காரின் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் படங்கள் நிறைய இருக்கு.

1996 ஏப்ரல் 21-ல் இறந்தார், 86 வயசு. அஸ்தி கென்டக்கி மாநிலத்தின் பௌலிங் கிரீனில், கார்வெட் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அருங்காட்சியகத்தில் 2014 பிப்ரவரி 12 அதிகாலை, ஆள் யாரும் இல்லாத நேரத்தில், கூம்பு மண்டபத்தின் தரை திடீரென்று உள்வாங்கியது. அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகை. எட்டு கார்வெட்டுகள் பள்ளத்துக்குள் விழுந்தன. அதில் ஒன்று 1992-ல் செய்த 10 லட்சமாவது கார்வெட். முதல் காரைப் போலவே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. கிரேன் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மூன்றைச் சரிசெய்வது, மீதி அஞ்சை நசுங்கியபடியே காட்சிக்கு வைப்பது என்று முடிவானது.

10 லட்சமாவது காரை ஜெனரல் மோட்டார்ஸ் தானே எடுத்து ரெஸ்டோர் செய்தது. பிரித்தபோது உள்ளே பாகங்கள் மேல் எல்லாம் கையெழுத்துகள். 1992-ல் அந்தக் காரைப் பூட்டிய தொழிலாளர்கள் போட்டது. கையெழுத்து இருந்த பாகங்களை முடிந்தவரை மாற்றாமல் நேராக்கிச் சரிசெய்தார்கள். மாற்றியே ஆகணும் என்று ஆனவற்றில் இருந்த எழுத்தைப் படியெடுத்துப் புதுப் பாகத்தில் ஒட்டினார்கள். 2015-ல் அந்தக் கார் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது.

அதற்கு நாலு வருஷம் கழித்து, 2019 ஜூலையில், எட்டாவது தலைமுறை கார்வெட்டை வெளியிட்டார்கள். முன் பானெட்டைத் திறந்தால் பெட்டி வைக்கிற இடம்தான் இருக்கு. ஸ்மால் பிளாக் வி8 ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கார் தயாராவது பௌலிங் கிரீனில், ஸோராவின் அஸ்தி இருக்கும் இடத்துக்கு எதிர்த்தாற்போல.